இரண்டின் வால்

“மூடியில கோடு பாத்து ஊத்துனியா, இல்ல போன்ல பேசிக்கிட்டே ஊத்துனியா?”

“எத்தனை தடவைப்பா சொல்றது? எழுதியிருந்தபடிதான் குடுத்தேன்.”

“எழுதியிருந்தபடி குடுத்தா பாட்டில் எப்படிடி கால்வாசி காலியாகும்? நேத்து சாயங்காலம் நான் வாங்கிட்டு வந்து வச்ச பாட்டில் இது. சீல் கூட உடைக்கல. ஒரே ஒரு வேளை குடுத்திருக்கே. ஒரே வேளை!”

“கத்தாதீங்கப்பா. வெளியில ஆளுங்க உக்காந்திருக்காங்க.”

“உக்காரட்டும். எல்லாரும் உக்காரட்டும். உங்கம்மா ஒருத்திதான் இனிமே எந்திரிச்சு உக்கார மாட்டா.”

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த, இறந்துபோனவளின் தங்கைக்குக் கை நின்றது. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அந்த வீட்டில் யாரும் எதையும் ரகசியமாகப் பேசிவிட முடியாது. “நான் அங்க பெருமூச்சு விட்டா இங்க பால் பொங்கிடும்” என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அந்த அக்கா இப்போது முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள், கன்னத்தில் வெள்ளை வெளிச்சம் விழப் படுத்திருந்தாள்.

பக்கத்தில் டம்ளர் துடைத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுத் தையல்காரம்மா, தலையால் தடுப்பைக் காட்டினாள். “போய் ரெண்டு பேரையும் பிரிச்சு விடும்மா. வண்டி வர்றதுக்குள்ள இன்னொரு பெட்டி கேக்க வச்சிருவாங்க போல.”

தங்கை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தான் ஜன்னலோரம் நின்றிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. இன்று அந்தக் குரல் பாதியில் உடைந்து உடைந்து வந்தது. மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மெத்தையில் அம்மா படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதில் பட்டுவிடாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேற்று மதியம்தான் வந்து சேர்ந்தவள்.

“அத்தான், போதும். இப்ப எதுக்கு இது?”

“நீயே சொல்லும்மா. ரெண்டரை மில்லி. இத்தனை நாளா என் கையால நான்தான் குடுத்தேன். ஒரே ஒரு ராத்திரி இவகிட்ட விட்டேன். பாரு. நீயே பாரு.”

பாட்டிலை அவள் கையில் திணித்தார். பழுப்புக் கண்ணாடி பாட்டில். மேலே வெள்ளைச் சீட்டு.

சீட்டைப் பார்த்ததும் அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது. அது பழக்கம். பேக்கரி டப்பாவில், சலூன் பலகையில், எந்தப் பேருந்தின் முதுகிலாவது தான் வடிவமைத்த எழுத்தைப் பார்த்தால் இப்படித்தான் துள்ளும். ஒருதடவை ஒரு வீட்டு வாசலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று அவள் எழுத்தில் வளைந்து நெளிந்து தொங்கியது. அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். “கடிக்கும்போது கூட கும்பிட்டுட்டுத்தான் கடிக்கும் போல” என்று அக்கா பதில் போட்டாள்.

துள்ளிய மனசு அப்படியே நின்றது.

‘வலி மருந்து’ என்று இருந்தது. அதற்குக் கீழே அளவு. 25 மி.லி.

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அந்த இரண்டின் வால், கோட்டுக்குக் கீழே இறங்கி, அடுத்த எண்ணின் காலடி வரை நீண்டு ஓடியது. நடுவில், அந்த வாலின் முதுகில், ஒரு சின்ன மேடு. அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அவளுக்கு மட்டும் அது என்ன என்று தெரியும். அது புள்ளி.

“என்னம்மா, பேசாம நிக்கிறே?” என்றார் அத்தான்.

“நான் வச்சிருக்கேன். நர்ஸம்மா வருவாங்கள்ல, அவங்ககிட்ட காட்டலாம்” என்றாள். தன் குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

சமையலறையில் இப்போது யாரும் இல்லை. தையல்காரம்மா டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தாள். தங்கை குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குள் நின்றுகொண்டு பாட்டிலை மறுபடி பார்த்தாள்.

அவள் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கம் அமைக்கிறவள். எல்லாப் பத்திரிகையும் ஒரே மூஞ்சியோடு வருகிறதே என்று அலுத்துப்போய், பட்டை நிப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து, தாளில் ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தாள். எழுதியதை ஸ்கேன் செய்து, ஓரம் ஓரமாகப் புள்ளி வைத்துத் திருத்தி, கம்ப்யூட்டரில் தட்டினால் வருகிற எழுத்தாக மாற்ற வேண்டும். அவள் வீட்டில் அதற்கு இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுவாள். அக்கா எதிரே துணி மடித்துக்கொண்டே நீதிபதி வேலை பார்ப்பாள். “இந்த ‘ழ’வைப் பாத்தா அவசரமா பாத்ரூம் தேடுறவ மாதிரி இருக்குடி” என்பாள். அவள் சொன்னது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். தங்கை அழித்து எழுதுவாள்.

எண்களைக் கடைசியில்தான் எழுதினாள். அதற்குள் கை ஓய்ந்திருந்தது. இரண்டை எழுதிக் காட்டியபோது அக்கா உதட்டைப் பிதுக்கினாள். “கல்யாணத் தேதிக்குத்தானே இது? வாலை இன்னும் இழு. முந்தானை தரையில இழுபடற மாதிரி இழு.” இழுத்தாள். அழகாக இருந்தது. அடுத்து எந்த எண் வந்தாலும் அதன் காலுக்குக் கீழே போய்ப் படியும்படி நெருக்கி வைத்தாள். எழுத்துருவுக்கே ‘முந்தானை’ என்று பெயர் வைத்தார்கள்.

வெளியிடும் முன்னால் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தால் இடிக்கும் என்று மாதக்கணக்கில் பார்த்தாள். ‘கூ’வுக்குப் பின்னால் ‘ழ’, ‘ணை’க்குப் பின்னால் ‘லி’ என்று ஒன்று விடாமல். ஆனால் இரண்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி வரும் என்று தோன்றவே இல்லை. அவர்கள் அச்சகத்தில் தேதிக்குப் புள்ளி வைக்கிற வழக்கம் கிடையாது. மாதத்தை எழுத்தில்தான் எழுதுவார்கள்.

பிறகு அதை இணையத்தில் வைத்துவிட்டாள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், எதற்கும் வைத்துக்கொள்ளலாம். எடுத்தவர் யார், எங்கே இருக்கிறார், எதில் அச்சடிக்கிறார் என்று ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. தன் பிள்ளை ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பெருமை.

இன்றைக்கு அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது. வந்து என்ன செய்திருக்கிறது?

குழாய்த் தண்ணீர் சீட்டின் ஓரத்தில் பட்டு, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அவள் கட்டைவிரல் நகம் தானாக அங்கே போனது. பசை இளகியிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினால் முழுசாக வந்துவிடும். சீட்டு இல்லாவிட்டால் இது வெறும் பாட்டில். யார் எழுத்து, எந்த வால், எதுவும் கிடையாது. அக்கா மகள் பாப்பா கவனமில்லாமல் ஊற்றிவிட்டாள், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்தது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நகம் நிற்கவில்லை. ‘வலி’ வரைக்கும் உரிந்து வந்துவிட்டது.

“சித்தி, என்ன பண்றீங்க?”

மகள் வாசற்படியில் நின்றாள். வீட்டில் அவளை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு பெரிய கம்பெனியில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவள் என்பது இந்த வீட்டுக்குள் எடுபடாது.

“கழுவுறேன்.”

“மருந்து பாட்டிலையா?”

தங்கை குழாயை மூடினாள். உரிந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டினாள். ஒட்டவில்லை.

மகள் உள்ளே வந்து, மாவு டின்னுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்துகொண்டாள். கண் வீங்கியிருந்ததே தவிர ஈரமில்லை. “அப்பா சொல்றது நிஜமா சித்தி? நான்தான் அம்மாவை…”

“என்ன நடந்துச்சுன்னு சொல்லு. அப்பாகிட்ட சொன்னதை இல்ல. நடந்ததை.”

“எழுதியிருந்ததைப் படிச்சேன். இருபத்தஞ்சுன்னு இருந்துச்சு. மூடி நிறைய ஊத்திக் குடுத்தேன். அம்மா அதைப் பாத்துட்டு, ‘யாருக்குடி இது, கட்டிலுக்கு அடியில யானை ஏதாவது கட்டியிருக்கா?’ன்னாங்க. சிரிச்சாங்க சித்தி. நேத்து பூரா அந்த ஒரு தடவைதான் சிரிச்சாங்க. நான் வேற, ‘சீட்டுல போட்டிருக்கு, பேசாம குடிம்மா’ன்னேன். ஒரு வாய் குடிச்சாங்க. கசக்குதுன்னாங்க. மிச்சத்தை வாஷ்பேசின்ல ஊத்திடு, அப்பா கேட்டா முழுசா குடிச்சேன்னு சொல்லுன்னாங்க. ஊத்திட்டேன்.”

“இதை ஏன் அப்பாகிட்ட சொல்லல?”

“அவர் எங்க சொல்ல விட்டார்? அப்புறம்…” மகள் தன் கால்விரலைப் பார்த்தாள். “முழுசா குடிச்சேன்னு சொல்லச் சொன்னாங்கல்ல. அம்மா கடைசியா எங்கிட்ட கேட்டது அதுதான்.”

முன்னறையில் யாரோ வந்திருக்க வேண்டும். புதிதாக ஒரு அழுகை எழுந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

“ஒரு வாய்னா எவ்வளவு பாப்பா?”

“தெரியல சித்தி. ஒரு வாய்.”

தங்கை பாட்டிலோடு வந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தாள். அதில் குழாய்த் தண்ணீரை நிறையப் பிடித்தாள். வாயில் வைத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் போயிருந்தது. இல்லை, இது என் வாய். அக்கா உதடு காய்ந்து கிடந்தவள். ஒரு வாரமாகத் தண்ணீரையே ஸ்பூனால்தான் வாங்கிக்கொண்டாள். மறுபடி நிறையப் பிடித்தாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, அக்காவாக, கசக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உதட்டை நனைத்தாற்போல் குடித்தாள். கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ரெண்டரை இருக்குமா? அதற்கும் குறைவா? மறுபடி பிடித்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வேறு வேறு கோட்டில் நின்றது.

“ஏம்மா, தாகமா இருந்தா சொம்புல எடுத்துக் குடியேன். இது என்ன, குருவிக்கு வைக்கிற மாதிரி!” காலி டம்ளர்களோடு வந்த தையல்காரம்மா சொல்லிவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்தாள். டம்ளர்களைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

தங்கை மூடியைக் கவிழ்த்து வைத்தாள். விரல் பட்டு அது சாய்ந்து, உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

“பாப்பா, நீ சரியாத்தான் படிச்சே.”

“என்ன?”

“அதுல இருபத்தஞ்சுன்னுதான் தெரியுது. யார் படிச்சாலும் அப்படித்தான் படிப்பாங்க. இங்க பாரு.” பாட்டிலைத் திருப்பி, நகத்தால் தொட்டுக் காட்டினாள். “இது வால். இது புள்ளி. வால் புள்ளியை முழுங்கிடுச்சு. இது என் ஃபாண்ட். முந்தானை.”

மகள் பாட்டிலை வாங்கினாள். சீட்டின் மேல் விரலை வைத்துத் தடவினாள், அச்சடித்த புள்ளி விரலுக்குத் தட்டுப்படும் என்பதைப் போல. அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிம்மதிப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“நீங்க எதுக்கு சித்தி இதையெல்லாம் பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

தங்கை சுவரோரம் கிடந்த மூடியை எடுத்துத் துடைத்தாள்.

நர்ஸம்மா வந்தபோது வெயில் வாசல் பந்தலின் பாதியைத் தாண்டியிருந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவள். ஹேண்டில் கம்பியில் பையை மாட்டிய ஸ்கூட்டர்தான் அவள் ஆஸ்பத்திரி. அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். பிறகு தன் ஊசி டப்பாவையும் ரத்த அழுத்தக் கருவியையும் எடுக்கப் படுக்கையறைக்குள் வந்தாள்.

அங்கேதான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தான் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் கதவைச் சாத்தினாள். தங்கை கதவோரமே நின்றாள். பத்து வயதில் அக்காவின் புதுக்குடையைத் தொலைத்துவிட்டு வீட்டு வாசலில் இப்படித்தான் நின்றாள். அன்றைக்கு உள்ளே அக்கா இருந்தாள்.

“அத்தான், பாப்பா மேல தப்பில்ல. சீட்டுல அப்படித்தான் தெரியுது. அந்த எழுத்து நான் பண்ணினது. புள்ளி மறைஞ்சு போச்சு. நான் பாக்காம விட்டது.”

சொல்லி முடித்ததும் பாட்டிலை நர்ஸம்மாவிடம் நீட்டினாள். மகளும் தன் பங்கைச் சொன்னாள். ஒரு வாய், வாஷ்பேசின், யானை, எல்லாவற்றையும்.

நர்ஸம்மா ஜன்னலுக்குப் போய், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தாள். “ஆமா” என்றாள். “எனக்கே இருபத்தஞ்சுன்னுதான் படிக்க வருது.”

“அந்த ஒரு வாய்லதான்…” என்று இழுத்தாள் தங்கை.

“நான் எப்படிம்மா சொல்ல முடியும்? அதனாலதான் போச்சுன்னும் சொல்ல மாட்டேன், அதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியாதே.” பாட்டிலைக் கட்டில் மேல் வைத்தாள். “ஆனா நேத்து காலையிலயே அவங்க மூச்சு மாறிடுச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு சார்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.”

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

அத்தான் தலையைத் தூக்கவில்லை. “சொன்னாங்க. அதான் பயந்து போயிட்டேன்” என்றார். முதல்முறையாக அவர் மெதுவாகப் பேசினார். “பாட்டிலை வாங்கிட்டு வந்து வச்சுட்டு, இந்தா வர்றேன்னு போனேன். எங்கயும் போகல. தெருமுனையில வேனுக்குள்ளயே உக்காந்திருந்தேன். உள்ள வந்து பாக்குறதுக்கு தைரியம் வரல. பாப்பா போன் பண்ணினப்பதான் வந்தேன்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் நின்றுபோனது.

“இன்னொண்ணு” என்றார் அத்தான். “பாட்டிலை அவ கையிலதான் முதல்ல குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தா. ‘ஏங்க, என் தங்கச்சி வந்திருக்கா’ன்னா. எனக்கு பக்குன்னுடுச்சு. புத்தி தடுமாறுது, அவ்வளவுதான்னு நினைச்சேன். ‘அவ எங்கடி வந்தா, நாளைக்குத்தானே வர்றா’ன்னேன். இல்லைங்க, வந்துட்டான்னு சொல்லிட்டு அந்தச் சீட்டைத் தடவிக்கிட்டே இருந்தா.”

தங்கை கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், அக்கா படுத்திருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மெத்தை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வாய்க்குள் குழாய்த் தண்ணீரின் ருசி இன்னும் இருந்தது.

நர்ஸம்மா பையை மூடப் போனவள், மறுபடி பாட்டிலை எடுத்தாள். “இது மெயின் ரோட்டு மருந்துக்கடை சீட்டாச்சே. எப்பவும் கிறுக்கித்தானே குடுப்பார்? இப்ப பிரிண்ட் பண்ண ஆரம்பிச்சுட்டாரா? நான் பாக்குற ஆளுங்கள்ல பாதிப்பேர் அங்கதான் வாங்குறாங்க.” சட்டென்று நிறுத்தினாள். பிறகு வேறு குரலில் சொன்னாள். “சின்னக் குழந்தைங்களுக்குக் காய்ச்சல் மருந்தே ரெண்டரைதானேம்மா எழுதுவாங்க.”

அதுவரை இருந்த பயம் ஒரு ஆள் அளவு இருந்தது. இப்போது அதற்குக் கதவும் சுவரும் இல்லாமல் போனது.

மருந்துக்கடை நம்பரை நர்ஸம்மாதான் கொடுத்தாள். தங்கை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

“சொல்லுங்கம்மா” என்றது ஒரு கலகலப்பான குரல். மருந்துக்கடைக்காரர்.

“உங்க கடை சீட்டைப் பத்திப் பேசணும். அளவு எழுதி ஒட்டுறீங்கள்ல.”

“ஓ, அதுவா! எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்கம்மா. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். சரி, கையால எழுதின மாதிரியும் இருக்கணும், புரியவும் புரியணும்னு தேடித் தேடி எடுத்தேன். முந்தானைன்னு ஒரு ஃபாண்ட். சும்மாவே குடுக்கிறாங்க. யாரோ புண்ணியவதி.”

“அது நான்தாங்க.”

“அட! நீங்களா?”

“அதுல ரெண்டுக்குப் பின்னாடி புள்ளி வச்சா தெரியாது. ரெண்டரை எல்லாம் இருபத்தஞ்சா தெரியும். ஒரு சீட்டு எடுத்துப் பாருங்க. இப்பவே பாருங்க.”

எதிர்முனையில் இழுப்பறை திறக்கிற சத்தம். காகிதம் சரசரத்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்க, “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்” என்று அவர் சொல்வது கேட்டது.

“அம்மா” என்றார் கடைசியில். கலகலப்பு எல்லாம் வடிந்திருந்தது. “யாருக்காவது ஏதாவது…?”

“யார் யாருக்கு ஒட்டிக் குடுத்தீங்கன்னு பாத்து எல்லாருக்கும் போன் பண்ணுங்க. முதல்ல குழந்தை இருக்கிற வீட்டுக்கு.”

“பண்றேன். கடையைச் சாத்திட்டுப் பண்றேன்.” அவர் மூச்சு வாங்கினார். “என் கடை பரவால்லம்மா. எனக்கு எல்லாரையும் தெரியும். மத்த ஊர்ல எவன் எவன் இதை எடுத்து என்ன என்ன பண்றானோ?”

மகள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து சமையலறை மேடையில், கழுவிக் கவிழ்த்த டம்ளர்களைத் தள்ளிவிட்டு வைத்தாள். தங்கையின் கோப்புகள் எல்லாம் இணையத்திலேயே இருந்தன. தங்கை திறந்தாள். இரண்டு என்ற எண்ணையும் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். திரையில் பெரிதாகப் பார்க்கும்போது புள்ளி நன்றாகத்தான் தெரிந்தது. சின்னதாக்கினால்தான் வாலுக்குள் மறைந்தது. வாலைச் சுருக்கினாள். இடைவெளியைக் கூட்டினாள். புள்ளி தனியாக, யாரோடும் ஒட்டாமல் நின்றது. டம்ளர் கழுவுகிற நேரம்கூட ஆகவில்லை.

“அவ்வளவுதானா?” என்றாள் மகள்.

“அவ்வளவுதான்.”

“இதை மாத்தினா எல்லார்கிட்டயும் மாறிடுமா?”

“மாறாது. எடுத்தவங்க வந்து புதுசை எடுத்துக்கணும். எடுத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது பாப்பா.”

பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணிக்கை இருந்தது. எத்தனை பேர் அந்த எழுத்துருவைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டார்கள் என்று காட்டும் எண். இத்தனை நாளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவாள். இப்போது கையால் அதை மறைத்துக்கொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பின்கதவு திறந்தது. நாற்காலிகளை ஒதுக்குகிறார்கள். அத்தான் யாரிடமோ, “மெதுவா, மெதுவாப்பா, அந்தக் கால் பக்கம் படி இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“சித்தி, கூப்பிடுறாங்க.”

“இதோ. ரெண்டு வரி போட்டுட்டு வந்துடறேன்.” விசைப்பலகையில் கை வைத்தாள். விரல்கள் ஒன்றோடொன்று இடித்தன. தப்பு தப்பாக விழுந்தது.

மகள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நீங்க சொல்லுங்க. நான் அடிக்கிறேன்.”

தங்கை சொன்னாள். எழுத்து மொழியெல்லாம் அவளுக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மகள் அதை எழுத்து மொழிக்கு மாற்றி அடித்தாள். நடுவில் ஒருதடவை நிறுத்தி, “அம்மாவைப் பத்திப் போடணுமா?” என்றாள்.

“வேணாம்.”

முன்னறையில் கண்ணாடிப் பெட்டியின் மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். காலையிலிருந்து வீடு முழுக்க இருந்த அந்த உறுமல் நின்றது.

மகள் பொத்தானை அழுத்தினாள். எழுத்துருவின் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, அது வந்து நின்றது:

‘முந்தானை ஃபாண்ட் வைத்திருக்கிற எல்லாருக்கும். இதில் 2க்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் சின்ன அளவில் அச்சடிக்கும்போது புள்ளி தெரியாது. ரெண்டரை என்பது இருபத்தஞ்சு மாதிரி தெரியும். தப்பு என்னுடையது. இப்போது சரி செய்திருக்கிறேன், பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளுங்கள். மருந்து, அளவு, எடை எதற்காவது இதை அச்சடித்திருந்தால் உடனே நிறுத்துங்கள். யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களைக் கூப்பிடுங்கள். நீங்கள் வாங்கிய பாட்டிலில் இந்த எழுத்து இருந்தால், கொடுக்கும் முன்னால் கடைக்காரரிடம் வாயால் கேளுங்கள். இதைப் படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்றாவது எழுதுங்கள். ஒரு சொல் போதும். தயவுசெய்து பதில் போடுங்கள்.’